விழுந்த காயமா, அடிபட்ட காயமா?

"மலையில வழுக்கி விழுந்துட்டேங்க." முகம் வீங்கி தோட்ட டிஸ்பென்சரிக்கு வரும் பெண்கள் பலர் சொல்லும் பதில் இது. பக்கத்து லயத்துக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? புத்தகத்தில் 'விழுந்த காயம்' என்று பதிவாகிறது. கையில் இரண்டு பனடோல். மறுநாளும் அதே காம்பரா, அதே அடி.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதையல்ல. 2019இல் அரசாங்கம் நடத்திய ஆய்வின்படி, கணவருடனோ துணைவருடனோ வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்.

பொலிசுக்குப் போகத் துணியாத பெண்ணும் காயத்துக்கு மருந்து தேடி வருவாள். பிள்ளைக்கு ஊசி போட கிளினிக்குக்கு வருவாள். அவள் வாய் திறக்கக்கூடிய முதல் இடம் அதுதான். தனியாக அழைத்து, "வீட்டில் யாராவது அடித்தார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

சுகாதார அமைச்சு பல அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' நடத்துகிறது. சிங்களத்தில் 'மிதுரு பியச' என்பார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் குறையைத் தனிமையில் கேட்டு, ஆலோசனை தந்து, அடுத்து எங்கே போவது என்று வழிகாட்டுவது அதன் வேலை. ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே அனுப்பிவைக்க ஆள் வேண்டாமா?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அங்கே வைத்தியப் பதிவு நல்ல சாட்சி. 'விழுந்த காயம்' என்று எழுதிய காகிதமோ அவளுக்கு எதிராகவே பேசும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

டிஸ்பென்சரியில் தனியாகப் பேச மறைவான ஓர் இடம் வேண்டும்.

தோட்ட வைத்திய உதவியாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் இதற்கான பயிற்சி வேண்டும்.

நட்பு நிலையங்களில் தமிழ் பேசும் ஊழியர் வேண்டும்.

சொன்ன விஷயம் கணவரின் காதுக்கோ தோட்ட ஆபீசுக்கோ போகக்கூடாது.

வைத்தியசாலைக்குப் போகும் நாளில் அவளது பேரை வெட்டக்கூடாது.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமாதானம் பேசி அனுப்புவது மருந்தாகாது. முதலில் அவளை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

சகோதரிகளே, மகளிர் உதவிச் சேவையின் இலக்கம் 1938. மனதில் எழுதி வையுங்கள். அடித்தவன்தான் வெட்கப்பட வேண்டும், அடிபட்டவள் அல்ல.