கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அதன் ரத்தத்துக்கு என்ன ஆகும்?

பண்ணைக் கோழி, ஆன்டிபயாட்டிக் - இந்த இரண்டும் ஒரே செய்தியில் வந்தால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இனிமே கோழியே வேணாம்" என்று யாராவது ஒருவர் எழுதிவிடுவார்.

சரி, நோய் வந்த கோழிக்கு மருந்தே கொடுக்காவிட்டால்?

ரத்தக் கழிச்சல் நோயை எடுத்துக்கொள்வோம். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரின் அணுக்களுக்குள் புகுந்து பெருகும். அணுக்கள் வெடிக்கும், எச்சத்தில் ரத்தம் வரும். நலமாக உள்ள கோழியின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு சுமார் 30 விழுக்காடு. நோய் முற்றினால் அது மளமளவென்று சரியும். கொண்டை வெளிறிப்போகும். பல கோழிகள் செத்தும்போகும்.

இதற்கு 1940களில் இருந்தே கைகொடுப்பவை சல்ஃபா மருந்துகள். பாக்டீரியாவையும் தாக்கும், இந்த ஒட்டுண்ணி பெருகுவதையும் தடுக்கும். குடல் ஆறியதும் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களைத் தயாரிக்கும். கோழியின் சிவப்பணு வாழ்வதே ஏறக்குறைய ஒரு மாதம்தான் (நம்முடையது 120 நாள்). அதனால் புது அணுக்கள் வேகமாக உருவாகும். ரத்தமும் சீக்கிரம் தேறும்.

சிக்கல் எங்கே?

அதே சல்ஃபா அளவு மீறினால் மஜ்ஜையையே முடக்கிவிடும். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அந்த வேலையையும் கெடுக்கும். தசையிலும் உள்ளுறுப்புகளிலும் ரத்தக் கசிவு. ரத்தப்போக்கை நிறுத்த வந்த மருந்தே ரத்தப்போக்கை உண்டாக்குகிறது! நோய் இன்னும் போகலை என்று நினைத்து பண்ணைக்காரர் மருந்தைக் கூட்டினால், அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு யாரும் ஒவ்வொன்றாக ஊசி போடுவதில்லை. மருந்தைக் குடிநீரில் கலப்பார்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் கோழி அதிகம் தண்ணீர் குடிக்கும். தண்ணீரோடு மருந்தும் கூடுதலாக உள்ளே போகும். கலந்தவர் சரியாகத்தான் அளந்திருப்பார், வெயில் அளவை மாற்றிவிடும்.

நமக்கு என்ன?

குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை நினைத்துப் பாருங்கள். மிக அரிதாக, சில மனிதர்களுக்கு இது மஜ்ஜையை அடியோடு செயலிழக்கச் செய்கிறது. எவ்வளவு உட்கொண்டார்கள் என்பது பொருட்டே இல்லை. அதனால் இறைச்சியில் "இவ்வளவு இருக்கலாம்" என்று ஒரு வரம்பு வகுக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. மலேசியாவிலும் தடைதான்.

2019 ஜனவரி 1 முதல் இங்கே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட கொலிஸ்டின் விவகாரம் வேறு. அதில் ரத்தம் பிரச்சினை இல்லை. வேறு மருந்துகள் பலிக்காதபோது மருத்துவமனைகள் கடைசியாக நம்புவது அதைத்தான். பண்ணையில் கிருமிகள் அதற்குப் பழகிவிட்டால் நோயாளிக்குக் கொடுக்க வேறு மருந்து கிடைப்பது கஷ்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அனுமதிக்கப்பட்ட மருந்துகளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. கடைசி வேளை மருந்துக்குப் பிறகு குறிப்பிட்ட நாள்கள் கழித்துதான் கோழியை அறுக்கலாம். ரத்தமும் கொண்டையும் நன்றாகத் தெரிந்தாலும், கல்லீரலில் மருந்து மிச்சம் இருக்கலாம். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். மருந்து எச்சம் முழுசா போய்விடும் என்று சொல்ல முடியாது.