கனவு கண்டு அலறும் குழந்தையை அதட்டலாமா?

நள்ளிரவில் குழந்தை அலறி எழுகிறது. ஒற்றை அறைக் குடியிருப்பு. அப்பாவுக்குக் காலை ஷிப்ட். பக்கத்து அறைக்காரரும் விழித்துக்கொள்வார். "சத்தம் போடாதே, படு" என்று அதட்டுகிறோம். இது சரிதானா?

ஆறு வயதில் ஊரைவிட்டு மும்பை வந்தவன் நான். தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் அம்மாவின் கை நழுவிப் போவதாகப் பல இரவுகள் கனவு கண்டேன். திட்டு விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அதே கனவில், இறந்துபோன பாட்டி பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். 'பாட்டிதான் இல்லையே! அப்படியானால் இது கனவு' என்று கனவுக்குள்ளேயே புரிந்தது. ஓடாமல் நின்றேன். பயம் விலகியது.

இது வெறும் பிரமையல்ல. 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதைக் கருவி மூலம் பதிவு செய்தார். தூங்கியவர், தாம் காண்பது கனவு என்று உணர்ந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார்.

எல்லாக் குழந்தைக்கும் இது வாய்க்காது. ஆனால் எல்லாப் பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவில் அணைத்துப் படுக்க வையுங்கள். காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கனவைக் கேளுங்கள். அதன் முடிவை நல்லபடியாக மாற்றிச் சொல்ல வையுங்கள். மனநல மருத்துவர்களும் கையாளும் முறைதான் இது. தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பூச்சாண்டி பெயரைச் சொல்லி மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

ஊர் மாறி வந்த பிள்ளைக்கு மொழி புதிது, தெரு புதிது. இரவில் அது பிடித்துக்கொள்ள நம் கை ஒன்றுதான் இருக்கிறது.