நாலாவது ஆள் தேவை



“ஜெர்மனி வரைக்கும் போனது தாயம் ஆடவா?” என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட அதற்குத்தான் அம்மா. எஸ்ஸன் நகரில் அக்டோபர்தோறும், வியாழன் முதல் ஞாயிறு வரை, ‘ஷ்பீல்’ என்றொரு திருவிழா நடக்கிறது. மேசையில் அட்டையை விரித்து, காயும் பகடையும் சீட்டும் வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்கான விழா. 2024இல் 900க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை போட்டன. வந்த கூட்டம் 2 லட்சத்தைத் தாண்டியது.

எனக்குப் பொறாமை தந்த சேதி வேறு. இவ்வளவு பெரிய விழா ஒரு பத்திரிகையின் வாசகர் சந்திப்பாகத்தான் தொடங்கியது. ‘ஷ்பீல்பாக்ஸ்’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் வாசகர்கள் 1983இல் எஸ்ஸனில் கூடினார்கள், ஆடினார்கள். நாமும்தான் வாசகர் சந்திப்பு நடத்துகிறோம். பொன்னாடையில் ஆரம்பித்து நன்றியுரையில் முடிந்துவிடுகிறது.

அங்கே எல்லாமே இன்பமா என்றால், இல்லை. முதல் நாள் எனக்கு அழுகை வராத குறைதான். ஆட வந்த இடத்தில் உட்கார நாற்காலி இல்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்போமே, அந்த நிலைமை. மோருக்கு வந்தவர்களும் எழுந்தபாடில்லை. ஒருவழியாக இடம் பிடித்தால், விதிகளை விளக்க ஒருவர் வருவார். பாவம், காலையிலிருந்து அதே ஆட்டத்தை விளக்கி விளக்கித் தொண்டை கம்மியிருக்கும். சொல்வதில் பாதி பக்கத்து மேசை இரைச்சலில் போய்விடும். அரை மணி நேர விளக்கம், இரண்டு சுற்று ஆட்டம். சூட்சுமம் பிடிபடத் தொடங்கும்போது, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எழுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை நான் நடந்ததாகவே நினைவில்லை. கூட்டம் கொண்டுபோய் விட்ட இடத்துக்கெல்லாம் போனேன்.

தனியாகப் போனது தனிச் சங்கடம். மற்றவர்கள் செட்டு சேர்ந்து வருகிறார்கள், எந்த அரங்கில் எந்த ஆட்டம் என்று ஊரிலேயே பட்டியல் போட்டுக்கொண்டு. சுவரோரம் ஒண்டியாக உட்கார்ந்து ரொட்டியை மென்றபோது, நமக்கு ஏன் இந்த வேலை என்று தோன்றியது உண்மை.

பிறகு அந்த வாங்கும் வெறி! கதவு திறந்ததும் புது ஆட்டங்களை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். சிலர் இழுத்து வருகிற பெட்டியில் ஒரு குடும்பமே குடிபோகலாம். நானும் சளைக்கவில்லை, கடைசி நாள் இரவு, எடைக்குப் பயந்து அட்டைப்பெட்டிகளைக் கழித்துவிட்டு, காய்களைச் சட்டைக்குள் சுருட்டி வைத்தேன். அங்கே விற்பதில் பல பெட்டிகள் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கும் என்பது என் கணிப்பு. நாலு பேர் ஆடும் ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அந்த நாலு பேருக்கு எங்கே போவது?

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயர் அங்கே பெட்டியின் முகப்பிலேயே இருக்கிறது, புத்தகத்தில் எழுத்தாளர் பெயர் இருப்பதுபோல. இது தானாக வந்த மரியாதை அல்ல. 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது ஆட்டங்களை உருவாக்குகிறவர்கள் பதின்மூன்று பேர், பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றில் கையெழுத்திட்டார்கள்: பெட்டியில் பெயர் போடாத பதிப்பகத்துக்கு இனி ஆட்டம் தருவதில்லை. அதில் ஜெயித்ததன் பலனை எஸ்ஸனில் பார்க்கலாம். ஆட்டத்தை யோசித்தவரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெட்டியில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். பல்லாங்குழியை யோசித்த மகராசி யாரோ!

அவளை நினைத்துக்கொண்டது ஹோட்டல் கூடத்தில்தான். விழாவின் சிறந்த பகுதி அரங்கை மூடிய பிறகுதான் தொடங்குகிறது என்பேன். அன்று வாங்கிய பெட்டிகளை ஹோட்டல் மேசைகளில் பிரித்து நள்ளிரவு தாண்டியும் ஆடுகிறார்கள். சாவி வாங்கிக்கொண்டு போன என்னை ஒரு பாட்டியம்மா நிறுத்தி, தன் மேசையையும் காலி நாற்காலியையும் காட்டி, நாலு விரலை உயர்த்தினார். ஆட்டம் ‘டிராஜன்’, ஷ்டெஃபான் ஃபெல்ட் என்பவர் உருவாக்கி 2011இல் வந்தது. ரோமாபுரி, செனட், கப்பல், படை என்று ஏகப்பட்ட சமாச்சாரம். ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் வட்டமாக ஆறு குழி. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் காய் எங்கே விழுகிறதோ, அதுதான் உங்கள் வேலை. விளக்கத்தில் பாதி புரியவில்லை. கை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டே போனது. முன்னமே ஆடியிருக்கிறீர்களா என்று பாட்டியம்மா சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் நான்தான் நாலாவது. என் செனட்டில் ஒரு சங்கதியும் நடக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஒரு வாரம் சளி, இருமல்.

பொங்கல் கழிந்து மதுரையில் நம் வாசகர் சந்திப்பு. இம்முறை பொன்னாடை கிடையாது. பேச்சை அரை மணியில் முடித்துக்கொண்டு மேசைகளைப் போட்டுவிடுவோம். பல்லாங்குழி, தாயக்கட்டை, ஆடு புலி ஆட்டம் வீட்டில் இருப்பவர்கள் எடுத்துவாருங்கள். எங்கள் ஊரில் விதி வேறு என்று சண்டை வரும், வரட்டும். தனியாக வருகிறவர்கள் வாசலில் நம் உதவி ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஆள் குறைகிற மேசை எது என்று பார்த்து உட்கார வைப்பது அவர் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்