வைரஸைக் கூட்டும் முன்

மரபணுவைச் செல்லுக்குள் சேர்க்கும் ஆய்வுகளில் வெற்றியைச் சொல்ல நாம் பெரும்பாலும் ஓர் எண்ணையே காட்டுகிறோம்: இத்தனை சதவீதச் செல்கள் ஏற்றுக்கொண்டன என்று. அது குறைந்தால் எம்ஓஐயை, அதாவது ஒரு செல்லுக்கு இத்தனை வைரஸ் என்ற விகிதத்தை, கூட்டுகிறோம். லென்டிவைரஸ் வேலையில் இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும். வைரஸும் செல்லும் சந்திப்பதில் உள்ள தடையையும், சந்தித்தபின் செல்லுக்குள் எழும் தடையையும் முதலில் நீக்க வேண்டும். அளவைக் கூட்டுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

பாய்சான் பரவலின்படி, செல்லுக்குச் சராசரியாக மரபணுவின் ஒரு பிரதி நுழைந்தால் 63% செல்கள் மாறுகின்றன. அதை 95% ஆக்கச் சராசரி 3 ஆக வேண்டும். அப்போது ஏறத்தாழ 18% செல்கள் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிகளைச் சுமக்கும். எல்லாச் செல்களும் ஒரே அளவில் இடங்கொடுத்தால்தான் இந்தக் கணக்குகூடப் பொருந்தும். ஓய்வு நிலை டி செல்களில் விஎஸ்வி-ஜி உறை பற்றிக்கொள்ளும் எல்டிஎல் ஏற்பி குறைவு. ரத்த ஸ்டெம் செல்களில் ஐஎஃப்ஐடிஎம்3 புரதம் வைரஸின் நுழைவைத் தடுக்கிறது. இத்தகைய கலவையில் வைரஸை மட்டும் கூட்டினால், முன்பே இடங்கொடுத்த செல்களில்தான் பிரதிகள் குவியும். ஒவ்வொரு பிரதியும் குரோமோசோமில் இன்னோர் இடத்தில் பதிகிறது என்பதால் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோஃபி நோய்க்கான லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024இல் அறிக்கை வெளியானது. அந்த வெக்டரின் வலுவான புரோமோட்டருக்கும் அதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. ஆனால் பதிவுகள் கூடக்கூட ஆபத்தான இடத்தில் ஒன்று விழும் வாய்ப்பும் கூடும்.

மாற்று வழிகள் நம் கையிலேயே உள்ளன. சுமார் நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள் ஊடகத்தில் தானாகப் பரவி ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் 37 டிகிரியில் வைரஸின் வீரியம் பெரிதும் குறைந்துவிடும். எனவே ஊடகத்தின் ஆழத்தைக் குறைப்பதும் மையவிலக்கியில் சுழற்றிச் செல்களோடு சேர்ப்பதும் கூடுதல் வைரஸ் இல்லாமலே பலன் தரும். புரோட்டமைன் சல்பேட் மின்னேற்ற விலக்கத்தைத் தணிக்கிறது. ரெட்ரோநெக்டின் வைரஸையும் செல்லையும் அருகருகே பிடித்துவைக்கிறது. சைக்ளோஸ்போரின் எச் ஸ்டெம் செல்லின் தடையைத் தளர்த்துகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு நடந்து 2024இல் வெளியான லென்டிவைரஸ் ஆய்வில், வைரஸ் நுழைய உதவும் ஊக்கி சேர்த்துத் தயாரித்த செல்களைப் பெற்ற மூவரின் காரணி 8 அளவு, ஊக்கியின்றிப் பெற்ற இருவரைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது.

ஊக்கியும் பிரதிகளைக் கூட்டத்தானே செய்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், அந்த மூவரின் ரத்தத்திலும் பிரதிகள் கூடுதலாகவே இருந்தன. ஆனால் தடை நீங்கிய செல்களில் அதே பலனைக் குறைந்த வைரஸால் பெறலாம். எந்த அளவில் நிறுத்துவது என்பது நம் முடிவாகிவிடும். ஊக்கிகள் செல்லைப் பாதிக்காதா என்பதும் நியாயமான கேள்வி. பாலிபிரீன் என்ற ஊக்கி பல முதன்மைச் செல்களுக்கு நஞ்சாகிறது; அதனால்தான் உயிர்ப்பு விகிதத்தையும் உடன் அளக்க வேண்டும். இப்படிப் பலவற்றை அளப்பது சிறிய ஆய்வகங்களுக்குச் சுமையா? பிரதி எண்ணிக்கையை அளக்கச் சாதாரண கியூபிசிஆர் போதும்.

எனவே, நம் இதழுக்குக் கட்டுரை அனுப்பும் நண்பர்கள் எம்ஓஐயோடு வைரஸ் செறிவு, ஊடகத்தின் கனஅளவு, செல்லுக்குச் சராசரிப் பிரதிகள், உயிர்ப்பு விகிதம், அளந்த நாள் ஆகியவற்றையும் தர வேண்டுகிறோம். இவை இல்லாமல் ஒரு சதவீதத்தை மட்டும் வைத்து இன்னோர் ஆய்வகம் அந்த முடிவை மீண்டும் பெற முடியாது. அதை நம்பி நோயாளிக்கான தயாரிப்பைத் திட்டமிடவும் முடியாது.