பையிலுள்ள பொம்மையும் கையிலுள்ள பங்கும்

சங்கத்துப் பொங்கல் விழா முடிந்து, பந்திப் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நம் ரயில்வே குடியிருப்பைச் சேர்ந்த அக்கா ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். மாதந்தோறும் இப்பகுதியில் வரவு செலவு பற்றி நாம் எதையேனும் எழுதி வருவதால், நம்மைப் பொருளாதார மேதை என்று எண்ணிக்கொண்டிருக்கும் இரண்டொருவரில் அவரும் ஒருவர். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தா நாம் என்பதை ஏனைய அன்பர்கள் அறிவர்.

“தம்பி, பெரியவன் ஒரு யோசனை சொல்கிறான். நீங்கள் சரியென்றால்தான் செய்வேன்” என்று தொடங்கினார்.

பதினோர் ஆண்டுகளாக முறுக்கும் தட்டையும் சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்று, அவர் சேர்த்த தொகை ஓர் இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய். இளைய மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்ப்பதற்கென்று அதை அஞ்சலகத்தில் வைத்திருக்கிறார். மகள் இப்பொழுது பதினோராம் வகுப்பு. இன்னும் ஒன்றரை ஆண்டில் பணம் தேவைப்படும். மூத்த மகனோ, அத்தொகையை எடுத்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போடலாம் என்கிறான். குழந்தைகள் விரும்பும் சித்திரப் பாத்திரங்களுக்கு உரிமம் வழங்குவதே அந்நிறுவனத்தின் தொழில். “தெருவிலே போகிற பிள்ளைகளின் பையைப் பாருங்கள் அம்மா, எந்தப் பையில் பொம்மைப் படம் இல்லை? இது ஒருநாளும் விழாத வியாபாரம்” என்பது அவன் வாதம்.

வாதம் கேட்பதற்கு இனிதாகவே இருக்கிறது. நம் வீட்டுச் சின்னஞ்சிறுசுகளும் சோட்டா பீம் படம் போட்ட பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு போகின்றன. 2008-ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் தோன்றிய அந்தப் பாலகனை உருவாக்கிய ஐதராபாத் நிறுவனமாகிய கிரீன் கோல்டு ஒரு தனியார் நிறுவனம். அதன் பங்கு சந்தையில் கிடைப்பதன்று. ஆகவே இவ்வகை ஆசை கொண்டோர் கடல் கடந்து நோக்குகின்றனர். ரிசர்வ் வங்கி வகுத்துள்ள திட்டத்தின்படி, இந்தியாவில் வாழும் ஒருவர் ஓராண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதைக் கொண்டு அங்குள்ள பங்குகளையும் வாங்கலாம். கைப்பேசியிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. வழி எளிதாயிற்று என்பதனாலேயே பயணம் எளிதாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

முதலில் இவ்வணிகம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு சித்திரப் பாத்திரத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். பை தைப்பவர், அதன் படத்தைத் தம் பையில் அச்சிட அவரிடம் உரிமம் பெறுகிறார். விற்கும் ஒவ்வொரு பைக்கும் ஒரு பங்கைக் கொடுக்கிறார். இதற்கு ராயல்டி என்று பெயர். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். பையின் மொத்த விலை 300 ரூபாய், ராயல்டி நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், உரிமையாளருக்கு 30 ரூபாய். அவ்வுரிமையாளர் வேறொரு நாட்டில் இருந்துகொண்டு, இங்கே ஒரு முகவரை அமர்த்தியிருந்தால், அந்த 30 ரூபாயில் ஒரு பகுதி முகவருக்குக் கமிஷனாகப் போகும். பை தைப்பவர், முகவர், உரிமையாளர் ஆகிய மூவருடைய நிறுவனங்களின் பங்குகளும் சந்தையில் கிடைக்கலாம். குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது ஒரே பொம்மை. அதன் பின்னே நிற்போர் மூவர்.

இவர்களில் முகவரின் நிலை நம் பார்சல் அலுவலகத்தின் நிலையை ஒத்தது. நாள்தோறும் எத்தனையோ மூட்டைகள் நம் கைவழியே செல்கின்றன. மேடை நிரம்பி வழியும் நாளில் வருமானமும் நிரம்பி வழியும். ஆயினும் அம்மூட்டைகளில் ஒன்றேனும் நம்முடையதன்று. நமக்குரியது கட்டணம் மட்டுமே. வியாபாரி நாளைக்கு லாரியில் அனுப்புவதென்று முடிவு செய்தால் மேடை காலியாகிவிடும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாறே சான்று. நியூயார்க்கில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1995-இல் ஃபோர் கிட்ஸ் எண்டர்டெயின்மெண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் ஒன்று இருந்தது. சித்திரப் பாத்திரங்களுக்கு உரிமம் பெற்றுத் தருவது அதன் தொழில். ஜப்பானில் 1996-இல் விளையாட்டாகவும், 1997-இல் தொலைக்காட்சித் தொடராகவும் தோன்றிய போகிமான், 1998-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. ஆசியாவுக்கு வெளியே அதற்கு உரிமம் வழங்கும் முகவராக அமைந்தது இந்நிறுவனந்தான்.

அடுத்த ஆண்டு அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிமான் பித்துப் பிடித்தது. 1999 நவம்பரில் திரைப்படமும் வெளிவந்தது. ஃபோர் கிட்ஸ் பங்கின் விலை பன்மடங்கு ஏறியது. பண்டத்தைத் தானே செய்யாமல் கமிஷன் மட்டும் பெறும் நிறுவனமாகையால், வரவில் பெரும்பகுதி இலாபமாகவே நின்றது. பிள்ளைகளின் கையில் அட்டைகளைக் கண்ட பெற்றோருக்கு அப்பங்கின் மீது ஆசை பிறந்ததில் வியப்பில்லை. அவர்கள் பார்த்ததும் பொய்யன்று. போகிமான் மெய்யாகவே பெரும் பொருளாக விளங்கிற்று. ஆனால் அது ஃபோர் கிட்ஸின் பொருளன்று.

2005 டிசம்பரில் முகவர் ஒப்பந்தம் முடிவுற்றது. உரிமையாளர் பக்கத்தினர் அதைப் புதுப்பியாமல், அவ்வேலையைத் தம் அமெரிக்க நிறுவனத்தைக் கொண்டே செய்துகொண்டனர். லாரி வந்துவிட்டது. எஞ்சியவற்றுள் முக்கியமான யூ-கி-ஓ என்ற மற்றொரு ஜப்பானியத் தொடரும் பிறருடையதே. அதன் ஜப்பானியத் தரப்பினர் 2011 மார்ச்சில் ஒப்பந்தத்தை முறித்து வழக்குத் தொடுத்தனர். அதற்கடுத்த மாதமே, கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரி ஃபோர் கிட்ஸ் நொடிப்பு நீதிமன்றத்தை நாடியது. முக்கிய உடைமைகளை விற்றுவிட்டு, 2012-இல் வேறு பெயருடன் வெளிவந்தது. 2016-இல் மறுபடியும் நொடித்தது.

அந்த 2016-ஆம் ஆண்டில் போகிமானின் நிலை யாது என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலையில்தான் போகிமான் கோ என்ற கைப்பேசி விளையாட்டு வெளிவந்து, பல நாடுகளில் இளைஞர்களையும் பெரியவர்களையும் தெருத்தெருவாய் அலைய வைத்தது! பொம்மை சாகவில்லை, முன்னாள் முகவரே வீழ்ந்தார்.

அதே ஜூலையில் நிகழ்ந்த இன்னொன்றும் அறியத்தக்கது. போகிமான் கோ வெளிவந்ததும், அதனுடன் தொடர்புடைய நிண்டெண்டோ நிறுவனத்தின் பங்கை மக்கள் முண்டியடித்து வாங்கினர். இரு வாரங்களுக்குள் விலை இரு மடங்கிற்கு மேல் உயர்ந்தது. அவ்விளையாட்டை உருவாக்கியது நையாண்டிக் என்னும் வேறொரு நிறுவனம் என்பதையும், போகிமான் உரிமைகளைக் கவனிக்கும் நிறுவனத்தில் தனக்குள்ள வாக்குரிமை நூற்றுக்கு 32 மட்டுமே என்பதையும், ஆகவே தன் இலாபத்தில் பெரிய மாறுதல் இராது என்பதையும் நிண்டெண்டோவே அறிவித்தது. அடுத்த வியாபார நாளான ஜூலை 25 அன்று, ஒரே நாளில் விலை நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் சரிந்தது. அறிவிப்பில் இரகசியம் ஏதும் இல்லை. வாங்கியவர்களுள் பலர் கேளாதிருந்த விவரமே அதில் இருந்தது.

“அப்படியானால் முகவரை விட்டு உரிமையாளரின் பங்கை வாங்கினால் போதுமே” என்று சிலர் சொல்லக்கூடும். அங்கும் ஒரு பள்ளம் உண்டு. இங்கிலாந்தில் எண்டர்டெயின்மெண்ட் ரைட்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. 1981 முதல் பிபிசி வாயிலாக அந்நாட்டுப் பிள்ளைகள் அறிந்த தபால்காரர் ‘போஸ்ட்மேன் பாட்’ அதன் உடைமை. அந்தத் தபால்காரரை எவரும் பறித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கிளாசிக் மீடியா என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது, கடன் ஏறியது. 2008-இல் உலகெங்கும் பண நெருக்கடி தோன்றவே, கடனைச் சுமக்க இயலவில்லை. 2009 ஏப்ரல் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. அன்றே தொழிலும் வேறொருவருக்கு விற்கப்பட்டது. தபால்காரர் புது முதலாளியிடம் பணியைத் தொடர்ந்தார். பங்குதாரர்களுக்கு ஒரு காசும் கிட்டவில்லை. கடன் கொடுத்தவர் முதற் பந்தியிலும் பங்குதாரர் கடைசிப் பந்தியிலும் அமர்வது கம்பெனிச் சட்டத்தின் வழக்கம். கடைசிப் பந்தியில் பல வேளை சோறு இராது.

பிறர் கதையை மட்டும் சொல்லி நம் கதையை மறைப்பது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன், நம் மகள் ஒரு பொம்மையை இரவும் பகலும் கட்டிக்கொண்டு திரிந்தாள். குடியிருப்பில் அப்பொம்மை இல்லாத வீடே இல்லை. அதை இந்நாட்டில் விற்றுவந்த நிறுவனத்தின் பங்குகளை இருபத்தையாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். தீபாவளிக்கு ஊருக்குப் போக ஒதுக்கிய பணமும் அதில் சேர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்நிறுவனத்துக்கும் பொம்மையின் அயல்நாட்டு உரிமையாளருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முடிந்துபோயிற்று. நாம் விற்றபோது கைக்கு வந்தது ஒன்பதாயிரம். அதற்குள் மகளும் அப்பொம்மையைப் பரணில் போட்டுவிட்டாள். குழந்தை வளர்வதை எந்தத் தந்தைதான் குறை கூறுவான்? ஒப்பந்தத்தின் ஆயுளையும் விருப்பத்தின் ஆயுளையும் கேளாமல் வாங்கிய பிழை நம்முடையது. அவ்வாண்டு தீபாவளிக்கு ஊரில் காத்திருந்த நம் தாயாருக்கு, “லீவு கிடைக்கவில்லை அம்மா” என்று சொன்னோம். அந்தப் பொய்தான் பதினாறாயிரம் ரூபாயைக் காட்டிலும் இன்றுவரை உறுத்துகிறது.

ஆதலால் அக்காவிடம் நாம், “பங்கே வாங்காதீர்கள்” என்று சொல்லவில்லை. மகனிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னோம். முதலாவது: அப்பாத்திரங்கள் அந்நிறுவனத்தின் சொந்தமா, வாடகையா? இரண்டாவது: வாடகை என்றால் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது; ஒரே பொம்மையிலிருந்து வரும் வரவு மொத்தத்தில் எவ்வளவு? மூன்றாவது: நிறுவனத்தின் தலைமேல் கடன் எத்தனை? இவற்றுக்கான விடைகளை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் தேட வேண்டும். குழந்தையின் பையில் தேடினால் கிட்டா.

இம்மூன்றோடு, அம்மா தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய நான்காவது கேள்வியும் ஒன்றுண்டு: இந்தப் பணம் எந்தத் தேதிக்குத் தேவை? கல்லூரி, கட்டணம் கட்டும் நாளைத் தள்ளிப் போடாது. பங்கு அந்த நாளுக்குள் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை.

ரயில்வே ஊழியராகிய வாசகர்களுக்குத் தனியே ஒரு சொல். 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 16-ஆவது விதி, பங்குகளில் ஊக வாணிபம் செய்யலாகாது என்கிறது. எப்பொழுதாவது முதலீடு செய்வதற்குத் தடையில்லை. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வாணிபமாகவே கொள்ளப்படும். பணி நேரத்தில் கைப்பேசியில் பங்கு விலை பார்க்கும் இளைஞர்கள் இதை நினைவிற் கொள்வது நலம்.

பதினைந்து நாள் கழித்து அக்கா முறுக்குப் பொட்டலத்துடன் நம் இல்லத்துக்கு வந்தார். மகன் ஆண்டறிக்கையைத் தேடி எடுத்து மூன்று இரவுகள் படித்தானாம். வரவில் பாதிக்கு மேல் ஒரே பாத்திரத்திலிருந்து வருகிறது என்பதும், அதுவும் வாடகைப் பாத்திரம் என்பதும் தெரியவந்தன. “தங்கச்சி பணத்தைத் தொட வேண்டாம் அம்மா, என் சம்பளத்தில் ஐயாயிரம் மட்டும் போட்டுப் பார்க்கிறேன்” என்று அவனே சொல்லிவிட்டானாம்.

“பெரியவன் மேல் வருத்தமில்லையே, அக்கா?” என்று கேட்டோம்.

“வருத்தம் எதற்குத் தம்பி? தங்கையின் படிப்பை நினைத்துத்தானே ஆசைப்பட்டான். பள்ளியில் படிக்கும்போதுகூட அவன் மூன்று இரவு சேர்ந்தாற்போல் படித்ததில்லை” என்று சிரித்தார்.

ஓர் இலட்சத்து இருபதினாயிரமும் அஞ்சலகத்திலேயே இருக்கிறது. பணி மாற்றலாகிச் செல்லும் குடும்பங்கள் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை ஊர்விட்டு ஊர் மாற்றிக்கொள்ளும் முறையை அடுத்த இதழில் எழுதுவோம்.