குழந்தை பிறந்தாச்சு, கார் எப்போ? சென்னையை மூன்றடி உயரத்திலிருந்து பார்த்தால்...

கல்யாணமான ஜோடியிடம் நம் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி, 'விசேஷம் உண்டா?' குழந்தை வந்ததும் அது 'இன்னும் கார் எடுக்கலையா?' என்று மாறிவிடும். 'கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இந்த வெயில்ல எப்படி அலையறது?' என்ற ஒரே வாதத்தில் பல வருஷக் கடன் முடிவாகிவிடுகிறது.

வெயில் நிஜம்தான். ஆனால், கார் இல்லாமல் மூன்று வயதுக் குழந்தையோடு சென்னையைச் சுற்றவே முடியாது என்பது இன்றைய நிலவரம் கிடையாது. சிக்கல் தூரத்திலும் இல்லை, டிக்கெட் விலையிலும் இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பிறகு வரும் கடைசி அரை கிலோமீட்டரில் இருக்கிறது.

டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும்?

பல நேரம், பூஜ்யம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைக்கும் டிக்கெட் வேண்டாம் என்று 2022-ல் அறிவிப்பு வந்தது. அம்மாவும் பிள்ளையும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காசே இல்லாமல் போகலாம். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியும் வந்துவிட்டது.

பிரச்சினை ஏறுவதில். பழைய பஸ்களின் படிக்கட்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையும் வைத்திருப்பவருக்காகக் கட்டப்பட்டதில்லை. தாழ்தளப் பேருந்துகள் 2024-லிருந்து மறுபடி ஓடுகின்றன. எல்லா ரூட்டிலும் இல்லை. மெட்ரோவில் லிஃப்ட், ஏ.சி. இரண்டும் உண்டு. குழந்தையோடு போகிறவர்களுக்கு ஊரிலேயே வசதியான வாகனம் அதுதான். பறக்கும் ரயில் வேறு ரகம். பிளாட்பாரம் உயரத்தில் இருக்கும், படிகள் அதிகம். ஸ்ட்ரோலரை வீட்டில் விட்டுவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதே மேல்.

கார் இல்லை என்றால் பைக் என்பதுதான் நம் வழக்கம். அப்பா ஓட்ட, குழந்தை டேங்க் மேல். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022-ல் விதி கொண்டுவந்தது. அந்த பெல்ட்டை சிக்னலில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

வெயிலுக்கு என்ன வழி?

நேரத்தை மாற்றுவதுதான். காலை 9 மணிக்குள் வெளி வேலை, உச்சி வேளையில் கூரைக்கு அடியில், மாலையில் கடற்கரை. ஏப்ரல், மே மாதங்களில் வேறு அட்டவணை சரிப்படாது. தார்ச் சாலையின் சூடு தரையை ஒட்டியே அதிகம். மூன்றடி உயரக் குழந்தைக்குப் பெரியவர்களைவிட அது கூடுதலாகத் தெரியும். தாகம் எடுத்தால் சொல்லவும் தெரியாது. கேட்காமலேயே அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒரு பழக்கத்தை உடனே நிறுத்தலாம்: வெயில் படாமலிருக்க ஸ்ட்ரோலர் மேல் துணியைப் போட்டு மூடுவது. காற்று உள்ளே போகாமல் சூடு ஏறிவிடும்.

உச்சி வேளைக்குக் கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-ல் திறந்தது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, ஏ.சி., உட்கார இடம், டாய்லெட் எல்லாம் உண்டு. பறக்கும் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் குழந்தைகள் அருங்காட்சியகமும், பிள்ளைகள் நகர மறுக்கும் டைனோசரும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை, போய் ஏமாற வேண்டாம்.

அந்த அரை கிலோமீட்டர்

எழும்பூர் மெட்ரோவில் லிஃப்ட் வழியாகச் சுகமாக மேலே வந்துவிடலாம். அதன் பிறகு அருங்காட்சியகம் வரை? நம் ஊர் நடைபாதையில் நிறுத்திய பைக், டிரான்ஸ்ஃபார்மர், தள்ளுவண்டி, உடைந்த ஸ்லாப் என்று ஏதாவது ஒன்று வழிமறிக்கும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்க வேண்டியிருக்கும். பெற்றோர் காருக்கு ஏங்குவது இந்த இடத்தில்தான்.

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினார்கள். இன்று அங்கே பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடுகின்றன. 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தி.நகர் பேருந்து நிலையத்துக்கும் நடுவே 570 மீட்டர் ஆகாய நடைபாதை லிஃப்ட்டோடு வந்தது. மெரினாவில் 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக மணல் மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலி போகிற பாதையில் ஸ்ட்ரோலரும் போகும், தாத்தாவும் தடுமாறாமல் நடப்பார்.

பணம் இல்லை என்ற பதிலும் எடுபடாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் என்று 2014-லேயே கொள்கை வகுத்த மாநகராட்சி நம்முடையது. நாட்டிலேயே முன்னோடி என்று அப்போது பாராட்டும் கிடைத்தது. அந்த 60 சதவீதம் எந்தத் தெருவுக்குப் போனது என்று வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை பாதை வருகிறது. பூந்தமல்லிப் பிள்ளை ஒரே ரயிலில் கடல் பார்க்க வந்து இறங்கும். ஸ்டேஷனுக்குள் லிஃப்ட்டை மெட்ரோ நிறுவனம் வைத்துவிடும். வாசலிலிருந்து மணல் வரை நிழலும் குடிநீர்க் குழாயும் டாய்லெட்டும் யார் பொறுப்பு என்பதை, ரிப்பன் வெட்டுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் நல்லது.