மருந்து எட்ட வேண்டிய இடம்

காஞ்சிபுரத்து நெசவாளர் ஊரான ஐயம்பேட்டையில் தறி மிதிக்கும் காலும் நாடா ஓட்டும் கையும் மந்தமானால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கினால் அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம்.

இந்நோயில் நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டோபமின் செல்கள் அழிகின்றன. அவற்றின் நார்கள் போய்ச் சேரும் பியூட்டாமெனுக்கு டோபமின் குறைகிறது. 1993இல் கண்டறியப்பட்ட ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி, ஆய்வகத்தில் இச்செல்களைப் பிழைக்க வைத்தது. நம்பிக்கை பிறந்தது. மூளையின் நீரறைகளில் அதைச் செலுத்திப் பார்த்தார்கள், பலனில்லை. மருந்து பியூட்டாமெனை எட்டவில்லை என்பதே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. பிரிட்டனின் பிரிஸ்டலில் ஸ்டீவன் கில் குழு நேரே பியூட்டாமெனுக்கே நுண்குழாய் வைத்தது. 2019இல் வெளியான முடிவில் ஸ்கேன் படங்கள் முன்னேற்றம் காட்டின. ஆனால் ஒன்பது மாத முடிவில் உடல் அசைவில், போலி மருந்து பெற்றவர்களைவிடத் தெளிவான மேம்பாடு இல்லை.

இதைத் தோல்வி என்று மூடிவிடுவது அவசர முடிவு. நோய் உறுதியான நாலைந்து ஆண்டுகளிலேயே பியூட்டாமெனின் மேற்பகுதி நார்கள் பெரும்பாலும் அற்றுவிடுவதைப் பிரேத மூளை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிச்ச நார் இருக்கும்போதே சிகிச்சை தொடங்க வேண்டும். அதற்கு நோயைச் சீக்கிரமே கண்டறிய, காஞ்சிபுரத்து நெசவாளர் ஊர்களுக்கு நரம்பியல் மருத்துவர் மாதம் ஒருமுறையாவது வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.